மெனிக்பாம் கோடை

நண்பகலில் நிழலில் இருங்கள், நிறையத் தண்ணீர் அருந்துங்கள் என்ற கோடைக் குறிப்பினை என் பத்திரிகைத் தொழிலில் பலமுறை பிரசுரித்திருக்கிறேன். 2009இல் அந்த இரண்டுமே வன்னி மக்களுக்குக் கிட்டவில்லை.

வெக்கையைத் தாங்க மண்சுவரும் கிடுகுக் கூரையும் வேப்பமர நிழலும் குளக்காற்றும் கண்டவர்கள் அவர்கள். போர் முடிந்ததும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வவுனியா செட்டிகுளத்தில், காடு வெட்டி அமைக்கப்பட்ட மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம் என்று பெரியவர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். நிழலுக்குத்தான் மரமில்லை! தறப்பாள் கூடாரம் பகலில் அனலைத் தேக்கியது; தண்ணீருக்கு வெயிலில் வரிசை. இடர்க்கால நிவாரணத்துக்கான சர்வதேச அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதுவே.

முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்களின் ஊரில் இராணுவம் இருந்தது. அவர்களைச் சீனியாமோட்டையில், மீண்டும் காடு வெட்டிய வெட்டவெளியில் குடியமர்த்தினார்கள்.