புருனெல்லோ: காத்திருப்பைச் சட்டமாக்கிய ஊர்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகருக்குத் தெற்கே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரமுள்ள குன்றின்மீது மதில் சூழ அமைந்த சிற்றூர் மொந்தால்சீனோ. 1555இல் சியெனா குடியரசு வீழ்ந்தபோது, பணிய மறுத்த குடிமக்கள் இவ்வூரில் அடைக்கலம் புகுந்து 1559 வரை குடியரசின் பெயரைக் காத்து நின்றனர் என்பதே நெடுங்காலம் இதன் பெருமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூருக்கு இரண்டாவது பெருமையைத் தேடித் தந்தது, பல பத்தாண்டுகள் கெடாமல் முதிரும் ஆற்றல் பெற்ற புருனெல்லோ என்னும் செம்மதுவாகும்.

இம்மதுவின் புதுமையை உணர, அன்றைய டஸ்கனியின் வழக்கத்தை அறிந்தாக வேண்டும். அம்மாநிலத்தின் தலையாய கருந்திராட்சையான சான்ஜியோவேசேயில் புளிப்பும், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்புப் பொருளான டேனினும் மிகுதி என்பதால், அதன் கடுமையைத் தணிக்கப் பிற திராட்சைகளைக் கலந்து, மதுவை இளமையிலேயே குடித்துத் தீர்ப்பதே பரவலான முறையாக இருந்தது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாம் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி, 1872இல் எழுதிய கடிதத்தில், டஸ்கனியின் கியாந்தி மதுவுக்கு இத்தகைய கலவையையே பரிந்துரைத்தார்.

மொந்தால்சீனோவில் சாந்தி குடும்பம் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. மருந்தியல் பயின்ற க்ளெமெண்டே சாந்தி, தம் இல் கிரெப்போ பண்ணையில் வடித்த 1865ஆம் ஆண்டுச் செம்மதுவுக்காக 1869இல் உள்ளூர் வேளாண் கண்காட்சியில் பரிசு பெற்றார். அவருடைய மகள்வழிப் பேரனும், 1866இல் இத்தாலிய ஒருங்கிணைப்பு வீரர் கரிபால்டியின் படையில் போரிட்டவருமான ஃபெருச்சியோ பியோண்டி சாந்தி, சாம்பல் நோயும், வேரை அரிக்கும் ஃபிலாக்சீரா பூச்சியும் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், பண்ணையின் சிறந்த சான்ஜியோவேசே கொடிகளைத் தேர்ந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கினார். வேறெந்தத் திராட்சையையும் சேர்க்காமல், துவர்ப்பைக் காலத்தின் பொறுப்பில் விட்டு அவர் வடித்த 1888ஆம் ஆண்டு மதுவே புருனெல்லோவின் தொடக்கமாக இன்று கொள்ளப்படுகிறது.

வடிக்கும் முறை

செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ பறிக்கப்படும் குலைகள், காம்பு நீக்கி நசுக்கப்பட்டு, தோலும் விதையுமாகத் தொட்டிகளில் இடப்படுகின்றன. அங்கே ஈஸ்ட் நுண்ணுயிரிகள் பழச்சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் நொதித்தல் நடைபெறுகிறது. வாயு மேலெழும்போது தோல்கள் திரண்டு ஏடுபோல் மிதப்பதால், அடியிலுள்ள சாற்றை மேலே இறைத்து அவற்றை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறமும் டேனினும் சாற்றில் இறங்குவது இதனாலேயே. இரண்டு மூன்று வாரங்களில் சக்கையிலிருந்து பிரிக்கப்படும் மது, அதன் கூரிய மாலிக் அமிலம் பாக்டீரியாக்களால் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறிய பின், ஓக் மரப் பீப்பாய்களுக்குச் செல்கிறது.

மரபு வழுவாத உற்பத்தியாளர்கள், குரோவேசியாவின் ஸ்லாவோனியா ஓக்கால் செய்த பெரும் பீப்பாய்களையே நாடுகின்றனர். கொள்ளளவு பெரிதாகும்போது ஒவ்வொரு லிட்டர் மதுவும் மரத்தைத் தொடும் பரப்பு சுருங்குவதால், மரத்தின் மணம் திராட்சையின் மணத்தை மூடுவதில்லை. பலகைகளின் நுண்துளைகள் வழியே மிக மெல்லக் கசியும் உயிர்வளி, டேனின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, நாவைப் பற்றும் துவர்ப்பை மென்மையாக்குகிறது. ஆவியாகிக் குறையும் அளவை அவ்வப்போது நிரப்பாவிட்டால், மிகுதியாக நுழையும் காற்றே மதுவைப் புளிக்கச் செய்துவிடும்.

புட்டியில் அடைத்த பிறகும் இந்தக் காவல் ஓய்வதில்லை. ஃபெருச்சியோவின் மகன் தன்க்ரேதி, 1927இல், முதுமையால் தளர்ந்த கார்க்குகளைக் களைந்து, சுவை பார்த்து, குறைந்த அளவை அதே ஆண்டின் மதுவால் நிரப்பிப் புதிய கார்க் அடைக்கும் முறையை 1888, 1891ஆம் ஆண்டுப் புட்டிகளில் மேற்கொண்டார். 1944இல் இரண்டாம் உலகப் போரின் முனை நெருங்கியபோது, அப்பழைய புட்டிகளை நிலவறைச் சுவருக்குள் மறைத்துக் காத்தவரும் அவரே.

ஒரு குடும்பத்தின் நெறி பின்னர் ஊரின் நெறியாயிற்று. 1966இல் பிறப்பிடப் பாதுகாப்பையும், 1980இல் இத்தாலிய மதுச் சட்டத்தின் மிக உயர்ந்த தகுதியையும் பெற்ற புருனெல்லோ, முழுக்க முழுக்கச் சான்ஜியோவேசேயால் ஆனதாகவும், குறைந்தது இரண்டாண்டு மரத்திலும் நான்கு மாதம் புட்டியிலும் இருந்ததாகவும், அறுவடைக்குப் பின்வரும் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி முதல் நாளுக்கு முன் விற்கப்படாததாகவும் இருத்தல் வேண்டும். ‘ரிசெர்வா’ என்னும் உயர்தர வகைக்கு மேலும் ஓராண்டு. 2020இன் பழம் 2025இல்தான் காசாகும் என்னும் இச்சுமையைத் தாங்க, அதே திராட்சையிலிருந்து வடித்து மறு ஆண்டே விற்கத்தக்க ரோஸ்ஸோ தி மொந்தால்சீனோ என்னும் இளமது உற்பத்தியாளர்களுக்குக் கைகொடுக்கிறது.

புகழ் பெருகியபோது சோதனையும் வந்தது. சில உற்பத்தியாளர்கள் பிற திராட்சைகளைக் கலந்தனர் என்ற ஐயத்தில் 2008இல் அரசு விசாரணை தொடங்க, அமெரிக்கச் சந்தையே அடைபடும் நிலை உருவாகி, விதியைத் தளர்த்தலாம் என்ற குரலும் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கூடிய உற்பத்தியாளர்கள், ஒற்றைத் திராட்சை விதி மாறாதிருக்க மிகப் பெரும்பான்மையோடு வாக்களித்தனர். பிற திராட்சைகளைக் கலக்கும் எளிய வழி திறந்திருந்தும் அதை மறுத்த அம்முடிவினால்தான், ஃபெருச்சியோ தனியொருவராக மேற்கொண்ட துணிவு ஓர் ஊர் முழுவதன் பொது உடைமையாக நிலைபெற்றது.