அசீல்: ஒரு போர்ச்சேவலின் வரலாறு

மன்னர் மாளிகைகளின் வரலாற்றை எழுதினோர் பலர். அம்மாளிகை முற்றங்களிலே மடிந்த சேவல்களைப் பற்றி எழுதினோர் சிலரே. ஆயினும், அசீல் என்னும் இந்தியப் போர்ச்சேவலின் கதை, உழைப்பவர் யார், அனுபவிப்பவர் யார் என்ற பழைய வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

'அசீல்' அரபுச் சொல்; தூய குடிப்பிறப்புடையது என்பது பொருள். நிமிர்ந்த நிலை, நீண்ட கழுத்து, அகன்ற மார்பு, உடலோடு ஒட்டிய குறுகிய இறகு, எதிரியின் அலகுக்கு எளிதில் அகப்படாத சிறு கொண்டை ஆகியன இதன் இலக்கணம். பேடு இடும் முட்டைகள் சிலவே; அடைகாப்பதிலோ அது இணையற்றது. இக்குணங்கள் தாமாக வந்தவையல்ல; வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணைசேர்த்ததன் பயன். இன்றும் ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகிய இடங்களின் கிராமத்து முற்றங்களே இதன் தாயகம்.

குப்பைக்கோழிகளின் போரைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாக்கினார். அப்போரிலே ஏவுவாருமில்லை, விலக்குவாருமில்லை. நவாபுகளின் அரங்கிலோ ஏவுவாரும் பந்தயம் வைப்பாரும் நிறைந்திருந்தனர். 1784ஆம் ஆண்டு லக்னோவுக்கு வந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், சோஃபனி என்ற ஓவியரைக்கொண்டு ஒரு சேவற்போர்க் காட்சியை வரைவித்தான். நவாப் ஆசப்-உத்-தௌலாவும் கும்பினி அதிகாரிகளும் அதிலே ஒன்றாகக் களித்திருக்கின்றனர். அவ்வாண்டிலேதான் அவத் நாட்டைப் பஞ்சம் வாட்டியது! பட்டினி கிடந்தோருக்கு வேலை கொடுக்கவே லக்னோவின் பெரிய இமாம்பாரா கட்டத் தொடங்கப்பட்டது என்பர்.

கும்பினியாரோடு அசீலும் கடல் கடந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வாலிலே உள்ளூர்ப் போர்ச்சேவலுடன் கலந்து, 'கோர்னிஷ்' என்னும் தசைப்பற்று மிக்க இனமாயிற்று. 1948இல் அமெரிக்காவில் நடந்த 'நாளைய கோழி' போட்டியில் வென்றது கோர்னிஷ் கலப்பினமே. இன்று சில வாரங்களிலே இறைச்சிக்கு ஆயத்தமாகும் புரொய்லர் கோழியின் உடலிலும் அசீலின் இரத்தம் ஓடுகின்றது. இலாபம் பெருநிறுவனங்களுக்கு, மூலவித்தைக் காத்த குடியானவருக்கோ பெயருமில்லை, பங்குமில்லை.

1960ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியது. எனினும் கோதாவரிக் கரையிலே சங்கராந்தி தோறும் காலிற் கத்தி கட்டிய சேவல்கள் மடிகின்றன; பெரும்பணம் கைமாறுகின்றது. மறுபுறம், இசத்நகர் ஆய்வுநிலையம் அசீலின் இரத்தங் கலந்த 'நிர்பீக்' என்னும் கோழியைக் கிராமத்து முற்றங்களுக்கென உருவாக்கியுள்ளது. அசீலுக்கு உரிய வழி இதுவே.

குடிப்பிறப்பின் பெருமை பேசுவோர், அக்குடியைத் தீனியிட்டு வளர்த்த கைகளையும் பேசட்டும். வரலாறு அக்கைகளுக்குக் கடன்பட்டிருக்கின்றது.