களி தின்ற கதை: எல்லையோரத்து ராகி பற்றிச் சில குறிப்புகள்

"உன்னைக் களி தின்ன வைக்கிறேன் பார்" என்று தமிழ்நாட்டில் யாராவது மிரட்டினால், ஜெயிலுக்கு அனுப்புகிறேன் என்று அர்த்தம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைக் கடந்தால் அதே களிக்குப் பெயர் ராகி முத்தே. அங்கே அது பெருமை. 1996-ல் தேவகௌடா பிரதமரானபோது அவருடைய முத்தே பிரியத்தைப் பத்திரிகைகள் ஆசையாக எழுதின. ஒரே தானியம், ஒரே செம்மண், ஏறக்குறைய ஒரே மழை. அப்புறம் ஏன் இந்தப் பக்கம் மட்டும் அது தண்டனைச் சாப்பாடு ஆச்சு? கொஞ்ச நாளாக இதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

முதலில் பெயர்கள். கேழ்வரகு, கேப்பை, ஆரியம், ராகி எல்லாம் ஒன்றுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். அதனால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் களி, பக்கத்து வீட்டில் சங்கடி, எதிர் வீட்டில் முத்தே. இவ்வளவு உள்ளூர்த்தனமாகத் தெரிகிற இந்தப் பயிரின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். அங்கிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வந்து, மானாவாரி நிலத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. குதிரில், குழியில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது, பூச்சியும் அவ்வளவாக அண்டாது.

இந்தக் கெடாத குணத்தை வைத்தே கன்னடத்தில் ஒரு காவியம் இருக்கிறது. கனகதாசர் எழுதிய 'ராமதான்ய சரிதே'. நெல்லுக்கும் ராகிக்கும் யார் பெரியவர் என்று சண்டை வருகிறது. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கச் சொல்கிறார். வெளியே எடுத்துப் பார்த்தால் நெல் வீணாகிப் போயிருக்கிறது, ராகி அப்படியே திடமாக இருக்கிறது. ஜெயித்தது ராகி. நெல்லை மேல்சாதிக்கும் ராகியை உழைக்கிற மக்களுக்கும் உருவகமாகப் பலர் இதை வாசிக்கிறார்கள். அங்கே ராகி சிறைக்குப் போய் ஜெயித்து வந்தது. இங்கே நாம் சிறைக்குப் போய் ராகி தின்றோம்!

தமிழ்நாட்டுச் சிறைக் களிக்கு ஆவணம் இருக்கிறது. டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற ஆங்கிலேய மருத்துவ அதிகாரி 1863-ல் சென்னை மாகாண மக்களின் உணவு பற்றியும் ஜில்லா சிறைகளில் கைதிகளுக்குத் தரும் உணவு பற்றியும் ஒரு அறிக்கை வெளியிட்டார். வறண்ட மாவட்டங்களில் சாதாரண ஜனங்கள் எதைச் சாப்பிட்டார்களோ, அதுவே சிறைக்கும் போனது. மலிவு, கெடாது, வயிறு நிறையும். என் ஊகம் இதுதான்: நெல் விளைந்த ஆற்றுப்படுகைக்காரர்களுக்குக் களி அறிமுகமானதே சிறை வழியாக இருக்கலாம். அதனால் அவர்கள் பேச்சில் அது தண்டனை ஆனது. அந்தப் பேச்சே பிறகு மாநிலம் முழுக்கப் பொதுப்பேச்சு ஆகிவிட்டது.

இதே கார்னிஷ் 1877-ல் மறுபடி வருகிறார். தாது வருஷப் பஞ்சம். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன (தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல்). பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அப்போது மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். தானியம் மட்டும் கொடுத்தால் உழைக்கிற உடம்பு தாங்காது, அளவைக் கூட்ட வேண்டும், பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலி திரும்ப உயர்ந்தது. ஆனால் 1871-க்கும் 1881-க்கும் இடையில் சேலம் மாவட்ட மக்கள்தொகை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது.

கார்னிஷ் சொன்னது நம் பாட்டிகளின் சமையலில் ஏற்கெனவே இருந்தது. களி தனியாக வராது. அவரைக்கொட்டைச் சாறு, கொள்ளுச் சாறு, கீரைக் கடைசல் என்று ஏதாவது ஒன்றோடுதான் வரும். ராகிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசீன் பருப்பில் இருக்கிறது. வயலிலும் அப்படித்தான், ராகிக்கு நடுவே அவரையும் துவரையும் சால் விட்டு விதைப்பார்கள். மிஞ்சிய களியைத் தண்ணீரிலோ மோரிலோ கரைத்தால் மறுநாள் காலைக் கூழ்.

பிறகு எப்படி விட்டுப்போனது? ஜனங்களின் அறியாமை என்று சொல்ல மாட்டேன். அரிசி என்பது பண்டிகைச் சோறு, வசதியின் அடையாளம். ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-ல் இலவசம். பசித்த வீட்டுக்கு அது பெரிய பாதுகாப்பு, அதைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது, பின்னாடியே அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் வந்தன. வயலுக்குப் போனவர் ஷிப்ட்டுக்குப் போனார். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். நான் சாப்பிட்ட கேன்டீன்களில் எல்லாம் அன்லிமிடெட் சோறு, கரண்டி அளவு பொரியல். உடம்பு உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை.

இப்போது ராகி திரும்பி வந்திருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் "ராகிக்கு மாறினா சுகர் ஏறாது" என்று ஆபீஸில் பேசுவதைக் கேட்கும்போதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமுக்கு மாவுச்சத்து ராகியில் சுமார் 67 கிராம், தீட்டிய அரிசியில் 78. பெரிய வித்தியாசம் இல்லை. புரதத்தில் அரிசிதான் ஒரு துளி அதிகம். ராகி ஜெயிப்பது இரண்டு இடத்தில். நார்ச்சத்து 11 கிராம், அரிசியில் 3-க்கும் குறைவு. கால்சியம் 364 மில்லிகிராம், அரிசியில் 10 கூட இல்லை. நைசாக அரைத்த மாவில் வெல்லம் போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். நைட் ஷிப்ட்டில் ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் இன்னும் மோசம், அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு.

ஆக, திரும்பி வந்திருப்பது தானியம் மட்டும்தான். அதைச் சுற்றியிருந்த வழக்கம் இன்னும் வரவில்லை. ஒரு உருண்டை களி, அதைவிட அதிகமாகப் பருப்பும் கீரையும், பகல் வெளிச்சத்தில் சாப்பாடு, அப்புறம் நடை. எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் மதியம் இப்படித்தான், முடிந்தால் முளைகட்டி அரைத்த மாவில். முளைகட்டினால் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறையும். சுகருக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

உங்கள் ஊரில் களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்வார்கள்? தெரிந்தால் எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு ஒரு பட்டியல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.