வெயில் தடுப்புப் படலம்

வெயில் தடுப்புப் படலம் என்பது ஜன்னல் கண்ணாடியின் மேல் ஒட்டப்படும் மெல்லிய பாலியெஸ்டர் தாள். கண்ணாடி வழியே வீட்டுக்குள் நுழையும் சூரிய வெப்பத்தில் ஒரு பகுதியை இது திருப்பி அனுப்புகிறது; இன்னொரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. கடைகளில் சன் ஃபிலிம், சன் கன்ட்ரோல் ஃபிலிம், கூலிங் பேப்பர் என்ற பெயர்களில் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. வீடுகளுக்கான படலம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனம் இருக்கும். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புப் படலங்கள் 100 முதல் 200 மைக்ரான் வரை கனமானவை.

வெயிலும் கண்ணாடியும்

தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு புற ஊதாக் கதிர், 45 விழுக்காடு கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். 3 மி.மீ. சாதாரணக் கண்ணாடி இந்த மூன்றிலும் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். தரையும் சுவரும் கட்டிலும் அதை வாங்கிச் சூடேறும். சூடான பொருள்கள் வெளியிடும் நெட்டலை வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. பூட்டிவைத்த அறை மாலையில் திறக்கும்போது கொதித்துக் கிடப்பது இதனால்தான்.

ஜன்னல் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதைச் சூரிய வெப்ப ஈட்டுக் கெழு என்ற எண்ணால் குறிப்பார்கள். 3 மி.மீ. வெறுங்கண்ணாடிக்கு இது சுமார் 0.86. மேற்கு பார்த்த 1.2 மீட்டர் சதுர ஜன்னலில், சதுர மீட்டருக்கு 600 வாட் வீதம் பிற்பகல் வெயில் விழுவதாகக் கொண்டால், ஏறத்தாழ 740 வாட் வெப்பம் அறைக்குள் வரும். கெழுவை 0.45 ஆகக் குறைக்கும் படலத்தை ஒட்டினால் அது 390 வாட் அளவுக்கு இறங்கும். மிச்சமாகும் 350 வாட், 1 டன் ஏசியின் குளிரூட்டும் திறனில் பத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு ஜன்னலுக்கு இது சிறிய ஆதாயம் அல்ல.

வரலாறு

படலத்தின் கதை பாலியெஸ்டரில் தொடங்குகிறது. 1941 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சு நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டிக்சன் ஆகிய இரு வேதியியலாளர்கள் பாலியெத்திலீன் டெரெஃப்தலேட் என்ற பொருளைக் கண்டறிந்தனர். அவர்கள் தேடியது துணிக்கான இழை. டெரிலீன் சட்டை வந்தது அவ்வழியில். அதே பொருளை உருக்கித் தகடாக வார்த்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, சூட்டில் நிலைப்படுத்தினால் கண்ணாடிபோல் தெளிவான, எளிதில் கிழியாத தாள் கிடைத்தது. அமெரிக்காவில் டூபாண்ட் இதை 1950களில் மைலார் என்ற பெயரில் விற்றது. பிரிட்டனில் ஐசிஐ நிறுவனத்தின் பெயர் மெலினெக்ஸ்.

அடுத்த படி உலோகப் பூச்சு. வெற்றிடக் கலனுக்குள் அலுமினியத்தை ஆவியாக்கினால், மேலே ஓடும் தாளில் அது ஆடிபோல் பளபளப்பாகப் படியும். இந்தப் பளபளப்பை உலகம் முழுதும் வானில் பார்த்தது 1960 ஆகஸ்டு 12 அன்று. அன்று ஏவப்பட்ட எக்கோ 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், அலுமினியம் பூசிய பாலியெஸ்டரால் ஆன 30 மீட்டர் விட்டமுள்ள பலூன். அதன் தாள் 13 மைக்ரான்கூட இல்லை. வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பிய அதே பளபளப்புத்தான் பின்னர் வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலைக்கு வந்தது.

கட்டடத் துறையில் தேவை ஏற்கெனவே பழுத்திருந்தது. நியூயார்க்கில் 1952 இல் லீவர் ஹவுஸும் 1958 இல் சீக்ராம் கட்டடமும் எழுந்தபின், அலுவலகம் என்றாலே கண்ணாடிச் சுவர் என்றாயிற்று. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு வார்க்கும் பில்கிங்டன் முறை 1959 இல் அறிவிக்கப்பட்டது. பெரிய, அலையற்ற கண்ணாடி மலிவானது. கூடவே வெப்பமும் உள்ளே வந்தது. 1966 இல் மினசோட்டாவைச் சேர்ந்த த்ரீஎம் நிறுவனம், வெப்பத்தையும் கண்கூச்சத்தையும் குறைக்கும் ஜன்னல் படலத்துக்குக் காப்புரிமை பெற்றது. இத்துறையின் பிறப்புச் சான்றிதழாக அதைக் கொள்வதே பொருத்தம். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் மார்ட்டின் புராசஸிங் என்ற நிறுவனம் பாலியெஸ்டர் தாளுக்குள்ளேயே சாயம் ஏற்றும் முறையை வளர்த்தது. லூமார் என்ற வணிகப் பெயர் அங்கிருந்து வந்தது.

1973 எண்ணெய் நெருக்கடி குளிர்நாட்டாரையும் படலத்தின் பக்கம் திருப்பியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அறையின் வெப்பம் வெளியேறாமை. கலிஃபோர்னியாவின் சவுத்வால் நிறுவனம், இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே இழுத்துக் கட்டும் 'ஹீட் மிரர்' படலத்தைக் கொண்டுவந்தது. 2010 இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஏறத்தாழ 6,500 ஜன்னல்கள், அக்கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டு, இத்தகைய நடுப்படலத்துடன் மீண்டும் கோக்கப்பட்டன.

இந்தியாவில் இத்தொழிலுக்கு அடித்தளமிட்டது, 1957 இல் தொடங்கப்பட்ட கார்வாரே நிறுவனம். மராட்டியத்தின் அவுரங்காபாத் ஆலைகளில் பாலியெஸ்டரையும் தானே செய்து, சாயமேற்றிய படலத்தையும் தானே செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது.

வகைகள்

சாயப் படலம் மிகப் பழையது, மலிவானது. இது வெயிலைத் திருப்புவதில்லை, உறிஞ்சுகிறது. உறிஞ்சிய வெப்பத்தில் ஒரு பங்கு மீண்டும் அறைக்கே வரும். சில ஆண்டு வெயிலில் சாயக் கலவையின் சில நிறங்கள் முதலில் வெளுத்துவிட, மிஞ்சியது ஊதாவாகத் தெரியும். பழைய கடை ஜன்னல்களில் காணும் அந்த ஊதாநிறம் இப்படி வந்ததே.

உலோகப் படலத்தில் இரு பிரிவு. முதலாவது, அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசுவது. இரண்டாவது, ஆர்கன் அயனிகளால் உலோகக் கட்டியை மோதி அணு அணுவாகத் தாளில் படியவைப்பது. இம்முறையில் நிக்கல்-குரோம், டைட்டேனியம், வெள்ளி எனப் பல உலோகங்களை மிக மெல்லிய, சீரான அடுக்காகப் பூசலாம். வெப்பத்தைத் தடுப்பதில் வெள்ளி நிறப் பிரதிபலிப்புப் படலத்தை மிஞ்சுவது கடினம்; அடர்ந்த வகைகள் கெழுவை 0.25 வரை இறக்கிவிடும். குறைகளும் உண்டு. உள்ளே விளக்கெரியும் இரவில் ஆடித்தன்மை தலைகீழாகி, வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். அலைபேசிச் சிக்னல் சற்று மங்கலாம். கொய்யா மரத்தருகே இப்படலம் ஒட்டினால், தேன்சிட்டும் சின்னானும் தம் பிம்பத்தை எதிரியென்று நினைத்து நாள் முழுதும் கொத்திக்கொண்டிருக்கும்.

செராமிக் படலத்தில் டைட்டேனியம் நைட்ரைடு, டங்ஸ்டன் ஆக்சைடு, இண்டியம்-டின் ஆக்சைடு போன்றவற்றின் நுண்துகள்களோ பூச்சோ இருக்கும். ஒளியை விட்டு அகச்சிவப்பை மட்டும் பிடிப்பது இதன் நோக்கம். சிக்னலைத் தடுப்பதில்லை, ஆடிபோல் மின்னுவதுமில்லை. ஆனால் விளம்பரத்தில் 'அகச்சிவப்பு 95 விழுக்காடு தடுப்பு' என்று வருவது, அகச்சிவப்பின் ஒரு குறுகிய அலைவரிசையில் மட்டும் அளந்ததாக இருக்கலாம். பார்க்கவேண்டியது மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு என்ற எண். ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்தால் வருவது அது.

பலஅடுக்குப் படலம் உலோகமே இல்லாதது. 200க்கும் மேற்பட்ட பாலிமர் அடுக்குகளை ஒரே தாளுக்குள் அடக்கி, ஒளியின் குறுக்கீட்டு விளைவால் அகச்சிவப்பைத் திருப்புகிறது. த்ரீஎம் இவ்வகையில் முன்னோடி. விலை அதிகம்.

பனித்த கண்ணாடிபோல் மங்கலாக்கும் படலம் மறைப்புக்கானது. அதை இவ்வரிசையில் சேர்ப்பது தவறு. இருட்டான படலமே குளிர்ச்சி தரும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. கறுத்த சாயப் படலம் வெளிச்சத்தை விழுங்கிப் பகலிலேயே விளக்குப் போடவைக்கும். ஒளிபுகும் நல்ல செராமிக் படலம் அதைவிடக் கூடுதல் வெப்பத்தைத் தடுக்கக்கூடும்.

எந்த ஜன்னலுக்கு

சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வந்து, பின் ஆகஸ்டு நடு வரை வடக்கே சாய்ந்தே செல்லும். எனவே அக்னி நட்சத்திர நாள்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவதே இல்லை. அது மார்கழி, தையில்தான் உள்ளே எட்டிப்பார்க்கும். மே மாதத்தில் படலம் தேவைப்படுவது கிழக்குக்கும், அதைவிட மேற்குக்கும். மாலை வெயில் தாழ்ந்து வருவதால் ஒன்றரை அடிச் சன்ஷேடு அதைத் தடுக்காது.

கண்ணாடியைத் தொடுமுன் வெயிலை நிறுத்துவதே முதல் வழி. வெளியே தொங்கும் மூங்கில் தட்டி, பச்சை வலை, வெட்டிவேர்த் தட்டி, ஒரு வேப்பமரம் இவற்றுக்கு இணையான படலம் இல்லை. வாடகை வீடு, அடுக்குமாடியின் எட்டாம் மாடி, வெளிப்புறத்தை மாற்ற அனுமதிக்காத குடியிருப்பு ஆகிய இடங்களில் படலம் தன் மதிப்பைக் காட்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கு வெப்பம் பெரும்பாலும் கூரை வழியே இறங்குகிறது. அவர் ஜன்னலுக்கு முன் கூரையைக் கவனிக்கவேண்டும். உதகை, கொடைக்கானலில் ஜன்னல் வெயில் வரம். அங்கே இதற்கு வேலை இல்லை.

ஒட்டுதல்

கண்ணாடியைச் சோப்பு நீரால் கழுவி, பிளேடால் சுரண்டி, பழைய பெயின்ட் துளியும் தூசியும் இல்லாமல் செய்யவேண்டும். பாதுகாப்புத் தாளை உரித்து, பசைப் பக்கத்திலும் கண்ணாடியிலும் சோப்பு நீரைத் தெளித்து, படலத்தை வைத்து நகர்த்தி நேர்செய்து, ரப்பர் தேய்ப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளுவார்கள். சட்டத்தை ஒட்டி ஓரிரு மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். முதல் சில வாரம் தெரியும் நீர்க்குமிழும் மங்கலும் உலர்ந்தபின் மறையும். தூசியால் எழுந்த முடிச்சு மறையாது. உறிஞ்சும் வகைப் படலம் கண்ணாடியைச் சூடாக்கும். பாதி நிழலும் பாதி வெயிலுமாக விழும் கண்ணாடி, ஓரம் வெட்டுப்பட்ட கண்ணாடி, கம்பிவலை பதித்த கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி இவற்றில் அச்சூடு விரிசலை உண்டாக்கலாம். ஒட்டுமுன் கண்ணாடியின் வகையைக் கேட்டறிவது அவசியம்.

இன்றைய நிலை

2000 இல் திருப்பெரும்புதூரில் செயின்ட் கோபைன் மிதவைக் கண்ணாடி ஆலை தொடங்கிய பிறகு தமிழக வீடுகளில் ஜன்னல்கள் அகன்றன. 2018 இல் வெளியான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, குளிர்ப் பகுதிகள் தவிர்த்த இடங்களில் வீட்டுச் சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என உச்சவரம்பு வைக்கிறது. கார் கண்ணாடிப் படலத்துக்கு உச்ச நீதிமன்றம் 2012 இல் விதித்த தடை வாகனங்களைப் பற்றியது. வீட்டு ஜன்னலுக்கு அது பொருந்தாது.