அறிவிப்பாளர் யார்? ஆய்வுக் கட்டுரையின் வரலாறும் நமது கதையும்

சென்ற நோன்பில் ஒரு நாள், இஃப்தார் முடிந்து கஞ்சிக் கோப்பைகளை எடுத்து வைத்த பிறகு, பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராக இருக்கும் என் மருமகன் தன் கைத்தொலைபேசியை நீட்டினார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து வந்த மின்னஞ்சல். "மாமா, கட்டுரையை அனுப்பினா அஞ்சு நாளையில போட்டுத் தாறாங்களாம். காசு மட்டும் கட்டணுமாம். பதவியுயர்வுக்குப் புள்ளியும் கிடைக்கும். போடட்டா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மனம் 1888ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது.

அந்த ஆண்டில்தான் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையின் முன்னால், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையை வாசித்தார். கழகத்தின் சஞ்சிகையில் அது அச்சாகியது. பேசும் மொழி, வழக்கங்கள், உடல் தோற்றம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்பது அவர் முடிவு. அந்தக் கட்டுரை எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதை இந்தப் பக்கங்களில் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கேட்க வருவது வேறு கேள்வி. அதைச் சோதித்தவர் யார்? மறுப்புச் சொல்ல யாருக்கு இடம் இருந்தது? கட்டுரையாளர் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதியாக இருந்தார். சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த காலமும் அதுதான். இன்றைய ஆய்வுலகில் இதற்கு 'நலன் முரண்' என்று பெயர். ஒரு முடிவினால் தனக்கு இலாபமோ நட்டமோ வரக்கூடியவர், அந்த முடிவை ஆய்வாக எழுதும்போது அதை வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது இன்றைய விதி. அன்று அப்படி ஒரு விதி இருக்கவில்லை.

விதிகள் எப்போது, எப்படி வந்தன என்று பார்ப்போம்.

ஆய்வுச் சஞ்சிகை என்ற ஒன்று பிறந்தது 1665ஆம் ஆண்டில். ஜனவரியில் பாரிஸில் ஒன்று, மார்ச்சில் லண்டனில் ஒன்று. லண்டனில் அதைத் தொடக்கியவர் றோயல் சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். ஐரோப்பாவெங்கும் இருந்து அவருக்குக் கடிதங்கள் வரும். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து, தம் சொந்தப் பொறுப்பில் அச்சிட்டார். எதைப் போடுவது, எதை விடுவது என்பது அவர் ஒருவரின் தீர்மானம். 1752இல்தான் சங்கம் அந்தச் சஞ்சிகையைத் தன் பொறுப்பில் எடுத்து, கட்டுரைகளைத் தெரிவு செய்யக் குழு ஒன்றை அமைத்தது. துறை தெரிந்தவர்களிடம் எழுத்தில் அபிப்பிராயம் கேட்கும் பழக்கம் வர இன்னும் எண்பது ஆண்டுகள் சென்றன.

அப்படியிருந்தும் அது எல்லா இடத்திலும் பரவவில்லை. 1869இல் தொடங்கிய 'நேச்சர்' சஞ்சிகை, வெளியாட்களின் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். மரபணு மூலக்கூற்றின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அத்தகைய மதிப்பீடு இல்லாமலேயே அதில் வெளிவந்தது. 1936இல் ஐன்ஸ்டைன், ஈர்ப்பு அலைகள் கிடையாது என்று முடிவு சொன்ன ஒரு கட்டுரையை அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதைப் பெயர் சொல்லாத ஒரு மதிப்பீட்டாளருக்குக் காட்டினார். ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. அச்சிடத் தந்ததை ஏன் பிறருக்குக் காட்டினீர்கள் என்று கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெயரில்லா மனிதர் கண்ட பிழை உண்மையான பிழை. அடுத்த ஆண்டு வேறு சஞ்சிகையில் அந்தக் கட்டுரை வந்தபோது முடிவு மாறியிருந்தது. பெரிய மனிதருக்கும் இன்னொரு கண் தேவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்களின் ஒரு பெருமையையும் தொட்டுப் போக வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் அர்ருஹாவீ எழுதிய 'அதபுத் தபீப்' என்ற நூலில்தான் இந்த மதிப்பீட்டு முறை முதன்முதலில் சொல்லப்பட்டது என்று அடிக்கடி பகிரப்படுகிறது. அந்த நூல் சொல்வது, நோயாளி இறந்துவிட்டால் வைத்தியர் எழுதிவைத்த குறிப்புகளை மற்ற வைத்தியர்கள் பார்த்து, சிகிச்சை முறையாக நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வதைப் பற்றி. அது உயர்ந்த விசயம்தான். ஆனால் அது சிகிச்சையின் விசாரணை. கட்டுரையை அச்சிடலாமா என்ற தெரிவு வேறு. இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொன்னால் இருக்கிற பெருமையும் போய்விடும்.

நம்மிடம் உண்மையில் இருப்பது ஹதீஸ் கலை. ஒரு செய்தி வந்தால், அதை யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தகுந்தவரா, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். சங்கிலி நடுவில் அறுந்தால் 'முன்கதிஃ'. அறிவிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால் 'மஜ்ஹூல்', அந்த அறிவிப்பு பலவீனமடையும். ஆட்களை எடைபோடவென்றே ஜர்ஹ், தஃதீல் என்று ஒரு துறையை வளர்த்தார்கள். இந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

மதிப்பீடு இருந்தும் பிழை நுழையும். 1998 பெப்ரவரியில் லண்டன் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் அன்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிருவரும் எழுதிய கட்டுரை வந்தது. பன்னிரண்டே பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. பிரித்தானியாவில் பெற்றோர் தடுப்பூசிக்குப் பயந்தார்கள். சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. தடுப்பூசிக் கம்பனிகளுக்கு எதிராக வழக்குப் போட முனைந்த சட்டத்தரணிகளிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்ததை 2004இல் வெளியே கொண்டு வந்தவர் பத்திரிகையாளர் பிரையன் டீர். சஞ்சிகை கட்டுரையை முற்றாக மீளப்பெற்றது 2010இல். பன்னிரண்டு ஆண்டுகள்! நம் ஊர்களில் வட்ஸ்அப் குழுக்களில் தடுப்பூசிக்கு எதிரான செய்தி சுற்றும்போது, அந்தக் கட்டுரையின் பேய் இன்னும் நடமாடுவதைக் காணலாம். மீளப்பெற்ற செய்தி முதல் செய்தியைப் போல் ஓடுவதில்லை.

அடுத்தது காசு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அரசுகள் விஞ்ஞானத்துக்குப் பெருந்தொகை கொட்டின. ஆய்வாளர் எழுதித் தருவது இலவசம். மதிப்பிடுவதும் பெரும்பாலும் இலவசம். வாங்குவதோ பல்கலைக்கழக நூலகம். அதற்கு வேறு வழியில்லை. இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை நன்றாகப் பிடித்தவர் ரொபர்ட் மக்ஸ்வெல். 1951இல் அவர் கைக்கு வந்த பெர்கமன் பதிப்பகம் நூற்றுக்கணக்கான சஞ்சிகைகளாகப் பெருகியது. 1991இல் அதை எல்செவியர் நிறுவனத்துக்கு 44 கோடி பவுணுக்கு விற்றார். சந்தா ஏறிக்கொண்டே போக, நம்மைப் போன்ற நாடுகளின் நூலகங்கள் சஞ்சிகைகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் யூஜின் கார்ஃபீல்ட் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்ற அட்டவணையை 1960களில் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்தது, ஒரு சஞ்சிகையின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண். சஞ்சிகைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும், நூலகர் எதை வாங்கலாம் என்று தீர்மானிக்கவும் அது உதவியது. பிறகு மனிதரை அளக்கவும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அரிசி அளக்கும் சுண்டால் துணி அளந்த கதைதான். சஞ்சிகையின் எண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் பிரகடனமே எழுதினார்கள். பதவியுயர்வுப் படிவங்கள் எளிதில் மாறுவதாயில்லை.

சந்தா என்ற மதிலை உடைக்க 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் வந்தது. ஆய்வு யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது அது. 2018இல் ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் சில, தங்கள் பணத்தில் நடந்த ஆய்வு உடனடியாக இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று திட்டம் போட்டன. 2022இல் அமெரிக்க அரசும் அதே வழியில் அறிவுறுத்தல் விடுத்தது. நல்ல காரியம். ஆனால் பல இடங்களில், வாசகர் கட்டிய காசை எழுதுபவர் கட்டும்படி ஆயிற்று. 2020இல் 'நேச்சர்' அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம் நாட்டு விரிவுரையாளரின் பல மாதச் சம்பளம் அது. வாசிக்க மதில் இருந்த இடத்தில் எழுத மதில் எழும்பியது.

எழுதுபவர் காசு கட்டுவது என்றானதும், காசுக்காகவே சஞ்சிகை நடத்துபவர்கள் புறப்பட்டார்கள். 2013இல் ஜோன் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்துப் புனைந்த கட்டுரையை 304 திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன. மரியாதையான இடங்களும் தப்பவில்லை. 1997இல் கெய்ரோவில் தொடங்கிய ஹிந்தாவி பதிப்பகம், முஸ்லிம் உலகிலிருந்து எழுந்து உலக அளவில் நின்ற ஒரு முயற்சி. 2021இல் அமெரிக்காவின் வைலி நிறுவனம் அதை 29.8 கோடி டொலருக்கு வாங்கியது. சிறப்பிதழ்கள் என்ற வாசல் வழியாகக் கட்டுரை 'ஆலைகள்' உள்ளே புகுந்தன. 2023இல் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. கெய்ரோவில் கட்டிய நல்ல பெயர் ஒன்று அப்படி முடிந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

இனி நம் கதைக்குத் திரும்புவோம்.

1889இல் சோனகருக்குத் தனி ஆசனம் கிடைத்தது, எம். சி. அப்துர் ரஹ்மான் முதல் உறுப்பினரானார். ஆனால் இராமநாதனின் கட்டுரைக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய விரிவான மறுப்பு ஆங்கிலத்தில் நூலாக வந்தது 1907இல். பத்தொன்பது ஆண்டுகள். 'லான்செட்' எடுத்ததைவிட ஏழு ஆண்டுகள் கூட. அஸீஸ் செய்ததை இன்றைய சொல்லில் 'வெளியீட்டுக்குப் பிந்திய மதிப்பீடு' என்பார்கள். கட்டுரையின் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்த்தார். எழுதியவரின் அரசியல் நோக்கம் பற்றிய ஐயத்தையும் வெளிப்படையாக வைத்தார். அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் அதே அளவுகோல் நம் பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். சோனகரின் முன்னோர் அப்துல் மலிக் இப்னு மர்வானின் காலத்துக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹாஷிம் குடும்பத்தார் என்ற செய்தியை நாம் அடிக்கடி எழுதுகிறோம். ஆதாரமாகக் காட்டுவது, இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி எழுதி, லண்டன் றோயல் ஆசியக் கழக வெளியீட்டில் 1827இல் வந்த கடிதத்தை. ஜோன்ஸ்டனுக்கு அது எப்படித் தெரியும்? இங்கிருந்த முஸ்லிம்களிடையே வழங்கிய மரபாகவே அவர் அதை எழுதினார். நாம் சொன்னதை அவர் அச்சிட்டார்; அவர் அச்சிட்டதை நாம் நமக்குச் சாட்சியாகக் காட்டுகிறோம். சங்கிலி சுற்றி வந்து நம் வாசலிலேயே நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் நடுவில் அறிவிப்பாளர் யார்? ஹதீஸ் படித்த சமுதாயம் இதைக் கேட்காமல் இருக்கலாமா?

அந்த மரபு பொய் என்று நான் சொல்லவில்லை. மரபை மரபென்றே எழுதுவோம், கல்வெட்டைக் கல்வெட்டென்று எழுதுவோம் என்கிறேன். அறபு வணிகர்கள் இங்கு வந்து தங்கியதற்குக் கல்லே சாட்சியாக இருக்கும்போது, பலவீனமான சங்கிலியில் ஏன் தொங்க வேண்டும்? 1888இல் நம்மைப் பற்றி இன்னொருவர் எழுதினார். இன்று நம்மிடையே பட்டம் பெற்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், நம்மைப் பற்றி நாமே எழுதுகிறோம். அந்த எழுத்து அஞ்சு நாளில் காசுக்கு அச்சாகி, யாரும் சோதிக்காமல் கிடந்தால், நாளை ஒருவர் எழுந்து "உங்கள் ஆதாரம் எது?" என்று கேட்கும்போது நாம் எதைக் காட்டுவது?

மருமகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: "மகன், இந்தக் கட்டுரையை வாசித்துப் பிழை பிடிக்கக்கூடிய மூணு பேரைச் சொல்லுங்க பார்ப்பம்." சற்று யோசித்து இரண்டு பெயர் சொன்னார். ஒருவர் பேராதனையில், மற்றவர் சென்னையில். "முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க. பிழை சொன்னா கோவிக்க வேணாம், ஐன்ஸ்டைனே கோவிச்சுத்தான் திருத்தினவர்" என்றேன்.

இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே தொலைபேசியைப் பையில் போட்டார். இரண்டு மாதம் கழித்து, பேராதனையிலிருந்து சிவப்பு மையில் திருத்தங்களுடன் கட்டுரை திரும்பி வந்திருப்பதாகச் சொன்னார். பதவியுயர்வு இந்த வருடம் இல்லையாம். கட்டுரை முன்னையதைவிட நல்லா வந்திருக்காம்.