தேயும் ஊசியின் கதை



என்னிடம் படித்த பிள்ளையொருவர் இப்போது கலியாண வீடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் ஒலியமைப்புச் செய்கிறார். டீஜேக்கள் பாவிக்கும் பழைய டேர்ன்டேபிள் இரண்டு அவருக்குக் கிடைத்திருக்கிறது. “சேர், இதுக்கு எந்த ஊசி வாங்கிற? தேஞ்சா மாத்தலாமா?” என்று கேட்டார். கூடவே, ஊசி வந்ததும் மூத்தவாப்பாவின் பழைய இசைத்தட்டுகளைத்தான் முதலில் போட்டுப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்க மகன்” என்றேன். அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இசை பற்றிய மார்க்க விவாதத்தை இந்தப் பதிவில் திறக்க வேண்டாம். நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு சின்ன ஊசிக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். டேர்ன்டேபிளின் கை நுனியில் இருக்கும் சிறிய பெட்டிதான் காட்ரிட்ஜ். அதிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருப்பது ஊசி. தட்டின் பள்ளத்தில் ஓடும்போது ஊசி அதிர்கிறது. டீஜேக்கள் பாவிக்கும் வகையில், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டின் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது. அது காட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களுக்கு அருகில் ஆடும்போது மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம்தான் பெருக்கப்பட்டு ஸ்பீக்கரில் பாட்டாகக் கேட்கிறது. காட்ரிட்ஜ் பல வருடம் இருக்கும். ஊசி தேயும்.

தேய்வது புதிய பிரச்சினை அல்ல. சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் காலத்தில் இரும்பு ஊசிகள் சின்னத் தகரப் பெட்டிகளில் விற்கப்பட்டன. ஒரு பெட்டிக்குள் 200 ஊசிகள்கூட இருக்கும். தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்தால் ஊசியை எறிந்துவிட வேண்டும். அரக்கில் செய்த அந்தத் தட்டுகளில் அராவும் தன்மையுள்ள பொடியும் கலந்திருந்தது. அது ஊசியைத் தேய்த்துப் பள்ளத்தின் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். தட்டைக் காப்பாற்ற ஊசி தன்னைத் தேய்த்துக்கொண்டது என்று சொல்லலாம்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கொம்பனி வைனல் பிளாஸ்டிக்கில் எல்பி தட்டை வெளியிட்டதோடு நிலைமை தலைகீழானது. தட்டு மென்மையானது, பள்ளம் மிக ஒடுங்கியது. ஊசி நீலக்கல்லாகவும் பின்னர் வைரமாகவும் மாறியது. வைரமும் தேயும், ஆனால் மெதுவாக. தேய்ந்து கூரான விளிம்பு வந்துவிட்டால் அது உளிபோல வேலை செய்து தட்டின் பள்ளத்தைச் சீவிவிடும். தட்டில் போனது போனதுதான்.

எனவே ஊசியை உரிய நேரத்தில் மாற்றுவது முக்கியமாயிற்று. பாவிப்பவரே ஊசியை மட்டும் இழுத்துக் கழற்றிப் புதியதைச் செருகும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றவர் வோல்டர் ஸ்டான்டன் என்ற அமெரிக்கர். இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் அந்த வசதி இல்லையென்றால் டீஜே தொழிலே வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஏனென்றால், டீஜேக்கள் ஊசியைப் பாவித்த விதம் அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைக்காதது.

1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதி, செஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடி. சின்டி கம்பெல் என்ற பெண்பிள்ளை பாடசாலை திறக்கும் காலத்துக்கு ஒரு விருந்து வைத்தார். பாட்டுப் போட்டவர் அவரது சகோதரர் கிளைவ், அதாவது கூல் ஹேர்க். ஜமேக்காவில் பிறந்து அங்கிருந்து குடிபெயர்ந்தவர். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு டேர்ன்டேபிளில் வைத்து, மேளம் மட்டும் ஒலிக்கும் துண்டை மாறி மாறி ஓடவிடும் முறை அவருடைய விருந்துகளில்தான் வளர்ந்தது. ஹிப் ஹொப் பிறந்த இடமாக அந்தக் கட்டிடத்தைச் சொல்கிறார்கள்.

அந்தப் பகுதியில் வளர்ந்த இன்னொருவர் ஜோசப் சாட்லர், கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்று உலகம் அறிந்தவர். பார்படோஸில் பிறந்தவர், தொழிற்கல்விப் பாடசாலையில் மின்னணுவியல் படித்தவர். தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்தால் ஊசி பாய்ந்துவிடும். இது ஏன் என்று அவர் ஒவ்வொரு ஊசியாகச் சோதித்தார். நீள்வட்ட முனை ஊசி நல்ல ஒலி தரும், ஆனால் முன்னும் பின்னும் அசைத்தால் பள்ளத்தில் நிற்காது. உருண்டை முனை ஊசியில் ஒலி அவ்வளவு நுணுக்கமில்லை, ஆனால் பிடித்த பிடியை விடாது. அவர் உருண்டை முனையைத் தெரிவு செய்தார். தையல் வேலை செய்த தாயிடமிருந்து கற்றதை வைத்து, கம்பளித் துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித் தட்டுக்கடியில் வைத்தார். மேடை சுழல, தட்டை மட்டும் கையால் நிறுத்த முடிந்தது. இன்றுவரை டீஜேக்கள் இந்த இரண்டையும் பின்பற்றுகிறார்கள்.

1970களின் நடுப்பகுதியில் தியோடர் லிவிங்ஸ்டன் என்ற சிறுவன் வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போட, தாய் வந்து கண்டித்தார். தாய் பேசி முடிக்கும்வரை அவர் தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்தான் ‘ஸ்கிராட்ச்’ ஆனது. கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற பெயரில் அவர் வரலாற்றில் நிற்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விடயம், தெரிவைச் செய்தவர்கள் கொம்பனிகள் அல்ல என்பதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கொம்பனிகள் பின்னால் வந்தன. டெக்னிக்ஸ் 1972இல் வீட்டுப் பாவனைக்காக வெளியிட்ட எஸ்எல்-1200 டேர்ன்டேபிளின் புதிய வடிவம் 1979இல் வந்தபோது, அது டீஜேக்களின் பிரதான கருவியாயிற்று. டென்மார்க்கின் ஓர்டொபொன் அதே 1979இல் கொன்கோர்ட் என்ற ஒரே துண்டுக் காட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. சிக்காகோவின் ஷூர் கொம்பனி 1960களில் வீட்டு இசைக்கருவிகளுக்காக அறிமுகப்படுத்திய எம்44 வரிசையில் எம்44-7 என்ற காட்ரிட்ஜ் ஸ்கிராட்ச் டீஜேக்களின் கைக்கருவியாகவே மாறியது. சத்தம் அதிகம், ஊசி பாயாது.

2018இல் ஷூர் ஒரு அறிவித்தல் விட்டது: இனிக் காட்ரிட்ஜும் ஊசியும் செய்யப் போவதில்லை. உலகம் முழுவதும் அந்தக் காட்ரிட்ஜை வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். காட்ரிட்ஜ் நல்லாக இருக்கிறது, ஊசி தேய்ந்தால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

கைகொடுத்தது ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் உள்ள ஜிக்கோ என்ற சிறிய கொம்பனி. 1873இல் தையல் ஊசி செய்யத் தொடங்கியவர்கள், பின்னர் இசைத்தட்டு ஊசிக்கு வந்தவர்கள். எம்44-7இற்குப் பொருந்தும் ஊசியை அவர்கள் செய்துகொடுக்கிறார்கள். பெரிய கொம்பனி கைவிட்டதை, தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்த சின்ன ஊர்க்காரர்கள் தாங்கினார்கள்.

இனி அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்.

“எந்த ஊசி நல்லது என்று முதல்ல கேட்காதீங்க. இது தேஞ்சா இன்னொன்று கிடைக்குமா என்று கேளுங்க.” மாற்று ஊசி தனியாக விற்கப்படும் காட்ரிட்ஜையே வாங்குங்கள். டீஜே வேலைக்கு உருண்டை முனை. பாரத்தைக் கொம்பனி சொன்ன அளவுக்கே வையுங்கள். எம்44-7இற்கு அதிகபட்சம் 3 கிராம். பாரம் கூடினால் தட்டு கெதியாகத் தேயும். குறைந்தாலும் ஊசி துள்ளித் துள்ளிப் பள்ளத்தை அடிக்கும். ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கரகரத்தால் ஊசியைப் பாருங்கள். தூசுதான் என்றால் மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் தட்டிவிடுங்கள். சுத்தம் செய்தும் கரகரத்தால் மாற்றுங்கள்.

மூத்தவாப்பாவின் தட்டுகள் வேறு கதை. அவற்றில் 78 வேகத்தில் ஓடும் அரக்குத் தட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்கான ஊசி முனையின் ஆரை ஏறக்குறைய 75 மைக்ரோன். டீஜே ஊசியினுடையது ஏறக்குறைய 18. அகன்ற பள்ளத்தின் அடியில் அந்தச் சின்ன முனை அலைந்து திரியும். பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும், ஊசியும் பழுதாகும். எல்பி தட்டுகளைப் போடலாம், ஆனால் புதிய ஊசியில், ஸ்கிராட்ச் செய்யாமல், ஒரே ஒருமுறை. அந்த ஒருமுறையிலேயே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர்களில் கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டி நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாட்டுப் போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தட்டுகள் சில வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கலாம். தேய்ந்த ஊசியோடு யாரும் அவசரப்பட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஊசியை இன்னொன்று வாங்கலாம். அந்தத் தட்டை வாங்க முடியாது.

உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளையும் நானும் வந்து பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.