முடி உதிர்கிறதா? எண்ணெய்க்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள்

‘மூன்றே வாரத்தில் வழுக்கையில் முடி முளைக்கும்’ என்ற விளம்பரம் புலனத்திலும் டிக்டாக்கிலும் இரவுச் சந்தையிலும் நம்மைத் துரத்துகிறது. ஒரு புட்டி எண்ணெயில் தொடங்கி, அழகு நிலையங்களின் ஆயிரக்கணக்கான வெள்ளி ‘சிகிச்சைத் திட்டம்’ வரை இந்த வியாபாரம் நீள்கிறது. இதில் போவது பணம் மட்டுமல்ல. உண்மையான நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய காலமும் வீணாகிறது.

முடி ஏன் உதிர்கிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் உதிர்ந்தால் காரணம் ஆளுக்கு ஆள் மாறும்.

• பரம்பரை: ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சி வெளுக்கும். பெண்களுக்கு வகிடு அகலமாகும்.

• உடலுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி: டிங்கி போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் இளைப்பது ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும்.

• இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு: இவற்றை இரத்தப் பரிசோதனையில்தான் அறிய முடியும்.

• புழுவெட்டு: நாணய அளவில் வட்டமாக உதிரும். பெயரில்தான் புழு இருக்கிறது. உண்மையில், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது.

• படர்தாமரை: சிறுவர்களின் தலையில் செதிலோடு திட்டாக உதிரும். இதற்கு மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும். எண்ணெய் தடவிக் காத்திருந்தால் மற்ற பிள்ளைகளுக்கும் பரவும்.

காரணம் இத்தனை இருக்க, எல்லாருக்கும் ஒரே எண்ணெய் எப்படிப் பொருந்தும்?

‘எனக்கு முளைத்ததே!’ என்பவர்கள்

அவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. ஜனவரியில் டிங்கி வந்த ஒருவருக்கு ஏப்ரலில் முடி கொட்டுகிறது. பயந்துபோய் மே மாதம் எண்ணெய் வாங்குகிறார். காய்ச்சலாலோ பிரசவத்தாலோ உதிரும் முடி பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் தானாகவே நின்று, மீண்டும் வளரத் தொடங்கும். ஆகவே அவருக்கும் வளர்கிறது. வளர்த்தது காலம், பெயர் வாங்கியது எண்ணெய். அவர் சொன்னதை நம்பி, பரம்பரை வழுக்கை உள்ளவர் அதே எண்ணெயை வாங்கினால் பலன் இருக்காது.

மருத்துவத்தில் என்ன உண்டு?

பரம்பரை வழுக்கைக்குத் தலையில் தடவும் மினோக்சிடில், ஆண்கள் உட்கொள்ளும் ஃபினாஸ்டெரைட் மாத்திரை ஆகிய இரண்டும் ஆய்வுகளில் பலன் காட்டிய மருந்துகள். இவையும் மாயம் செய்வதில்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். நிறுத்தினால் வளர்ந்த முடி மீண்டும் உதிரும். பக்க விளைவுகளும் உண்டு. குறிப்பாக, ஃபினாஸ்டெரைட் வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கக் கூடியது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. முறையான மருந்துக்கே இத்தனை மாதம் என்றால், மூன்று வார வாக்குறுதியின் இலட்சணம் விளங்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. பதிவெண்: நம் நாட்டில் விற்கப்படும் மருந்தில், பாரம்பரிய மருந்து உட்பட, எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். எண் இருந்தும் வேறு பொருளின் பெயர் வந்தால் அது போலி.

2. அழகுப் பொருளா, மருந்தா: என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருந்தால் அது அழகுப் பொருள். முடியை முளைக்க வைக்கும், உதிர்வை நிறுத்தும் என்று விளம்பரம் செய்ய அதற்கு அனுமதி இல்லை.

3. ஊசி: தலையில் ஊசி போட அழகு நிலையங்களுக்கு உரிமை இல்லை. அது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை.

4. படங்கள்: ‘முன், பின்’ படங்களை வெளிச்சத்தையும் சீவும் விதத்தையும் மாற்றியே எடுத்துவிடலாம். அவை சான்று ஆகா.

5. அவசரம்: ‘இன்று மட்டும் பாதி விலை’ என்று நெருக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீது இல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

எங்கே போவது?

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவையானால் அங்கிருந்தே தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

பதிவில்லாத மருந்து விற்பதைக் கண்டால் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம். வாங்கிய பொருளிலோ அழகு நிலையச் சேவையிலோ ஏமாந்தவர்கள் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, புலன உரையாடல், விளம்பரப் படம் எதையும் அழித்துவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி.